பால்கனி தெரியுது, பத்திரம் எங்கே?

"துபாயா, தாய்லாந்தா, பாலியா? எது பெஸ்ட் சார்?"

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் இதைத்தான் கேட்கிறார். நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். "லீவுக்கு நாம போய்த் தங்கிக்கலாம், மத்த நாள் டூரிஸ்ட்டுக்கு விட்டுடலாம். எங்க ரிட்டர்ன் ஜாஸ்தி?" ரிட்டர்ன் எவ்வளவு என்று கேட்கத் தெரிகிறது. நம் கைக்கு வரப்போவது என்ன என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. வயிறு எரிகிறது.

இதே மனிதர் செங்கல்பட்டுப் பக்கம் ரெண்டு கிரவுண்டு வாங்கியபோது எப்படி இருந்தார் தெரியுமா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். மூலப்பத்திரம் கேட்டார். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று விஏஓ ஆபீசுக்கு நடையாய் நடந்தார். வாரிசில் ஒரு தங்கச்சியின் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று வக்கீல் சொன்னதும் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டார். அவ்வளவு விவரம்! அதே ஆள்தான் இப்போது நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் வெளிநாட்டு வீடு கண்காட்சிக்குப் போய், பால்கனியிலிருந்து கடல் தெரியும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு புக்கிங் தொகை கொடுத்துவிட்டு வருகிறார். கொடுத்த பிறகு எனக்கு போன். "நல்ல இடம்தானே சார்?"

பாலியை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் 'உங்கள் சொந்த வில்லா' என்று போட்டிருக்கிறான். இந்தோனேசியாவில் நிலத்தின் முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது வருஷக் குத்தகை. வருஷம் கரையக் கரைய விலையும் கரையும். பன்னிரண்டு வருஷம் பாக்கியிருக்கும் குத்தகையை, முப்பது வருஷம் பாக்கியிருந்தபோது நாம் கொடுத்த விலைக்கு யார் வாங்குவார்? "உள்ளூர்க்காரர் ஒருத்தர் பேர்ல போட்டுக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று இன்னொரு வழியும் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு அந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாது. பணம் நம்முடையது, நிலம் அவருடையது. வழக்குப் போட எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்?

தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது, காண்டோ என்கிற அடுக்குமாடி வீடு வாங்கலாம். அதுவும் ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரைக்கும்தான். உங்கள் வீடு அந்த 49-க்குள் வருகிறதா? அதுகூடப் பரவாயில்லை. புக்கெட்டில் வாங்கு, டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடு என்பதுதானே மொத்த விற்பனைப் பேச்சும்? 2004-ம் வருஷத்து ஹோட்டல் சட்டப்படி, முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட ஹோட்டல் லைசென்ஸ் வேண்டும். சாதாரண காண்டோவுக்கு அது எங்கே இருக்கும்? எந்த ஆதாரத்தில் இவர்கள் வருமானக் கணக்குப் போட்டார்களோ, அந்த ஆதாரமே அங்கே இல்லை!

இதை ஒரு கண்காட்சியில் கேட்டேன். டை கட்டிய இளைஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், ப்ளீஸ், நெகட்டிவா பேசாதீங்க. மத்த கஸ்டமர்ஸ் இருக்காங்க" என்றார். அவர் கமிஷனுக்கு வேலை பார்ப்பவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வைதான் சுட்டது. படித்தவர்கள், டாக்டர்கள், பெரிய கம்பெனியில் இருந்தவர்கள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அபசகுனமாக ஒருவன் வந்துவிட்டான் என்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர்கூட "அதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி" என்று கேட்கவில்லை.

அதே கண்காட்சியின் ஐரோப்பா மேஜையில் வீட்டைவிட விசாவைத்தான் விற்கிறார்கள். போர்ச்சுகல் வீடு வாங்கி விசா பெறும் வழியை 2023 அக்டோபரில் மூடிவிட்டது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது. கிரீஸ் 2024-ல் ஏதென்ஸ், சாண்டோரினி போன்ற இடங்களுக்கு விசாவுக்கான குறைந்தபட்சத் தொகையை 8 லட்சம் யூரோவாக உயர்த்தியது. விசாவுக்காக வாங்கிய வீட்டை டூரிஸ்ட்டுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்றும் சட்டம் போட்டுவிட்டது. பார்சிலோனா நகராட்சி 2028-க்குள் டூரிஸ்ட் அபார்ட்மென்ட் லைசென்ஸ்களையே நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை, அவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். அரசாங்கம் யார் பக்கம் சாயும்? ஓட்டுப் போடுகிறவர் பக்கம்தானே? வருஷத்துக்கு ரெண்டு வாரம் வந்து போகும் நம் பக்கமா?

துபாய் இவற்றில் மேல் என்பேன். குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் பேரிலேயே முழு உரிமை பதிவாகிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எஸ்க்ரோ கணக்கில்தான் போக வேண்டும் என்று 2007-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் அடுத்த வருஷமே விலை அங்கே எப்படி விழுந்தது என்பதை இந்த மேஜைகளில் யாராவது சொல்கிறார்களா? பதிவுக்கு 4 சதவீதம், தரகு, சதுர அடிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் சர்வீஸ் சார்ஜ், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள். எல்லாம் போக என்ன மிஞ்சும் என்ற காகிதம் கேட்டால் கிடைப்பதில்லை. "அங்க வாடகைக்கு வருமான வரியே இல்லை சார்" என்கிறார்கள். இந்தியாவில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி கட்ட வேண்டும். இது தெரியாமலா விற்கிறார்கள்?

நம் பக்கத்துக் கணக்கு இன்னும் மோசம். ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம். இப்படி வீடு வாங்க அனுப்பும்போது, பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிக்கும். ஒரு கோடி அனுப்பினால் 18 லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும். பிறகு வரியில் கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் முதலில் எடுத்து வைக்க வேண்டுமே? வருஷா வருஷம் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் வருஷக் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். ஒரு மேஜையில், "பாதியை இங்கேயே கேஷா குடுத்துடுங்க, அங்க நாங்க பாத்துக்கறோம்" என்று காதோடு சொல்லவும் கேட்டேன். அது குற்றம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா?

மாதாமாதம் விலையில் 1 சதவீதம் கட்டினால் போதும் என்கிற திட்டத்தைப் பார்த்தால் எனக்கு 2013 ஆகஸ்ட்தான் ஞாபகம் வருகிறது. ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப அப்போதிருந்த 2 லட்சம் டாலர் வரம்பை ரிசர்வ் வங்கி 75,000 ஆகக் குறைத்தது, வெளிநாட்டில் வீடு வாங்க அனுப்பவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பிறகு அந்தத் தடை தளர்ந்தது, வரம்பு பழைய அளவைத் தாண்ட 2015 வரை ஆயிற்று. ஐந்து வருஷத் தவணையில் கையெழுத்துப் போடுகிறவர், நடுவில் இப்படி ஒரு உத்தரவு வந்தால் தவணையை எப்படி அனுப்புவார்? தவறினால் கட்டிய பணம் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் இருக்கும். யார் படித்தார்கள்?

இந்தக் கண்காட்சி ஹாலில் நம் பக்கம் நிற்க ஒருவர் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. இங்குள்ள ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம், இந்தியாவில் எழும் கட்டடத்துக்கு. அங்குள்ள சட்டம் அந்த ஊர் மொழியில். விற்றவர் அடுத்த வாரம் வேறு கம்பெனியில் இருப்பார்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடற்கரையை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பேரில் பதிவாகுமா, நாள் வாடகைக்கு விடலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கட்டடத்தில் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வாங்காத வீட்டை நாளைக்கு நீங்கள் யாரிடம் விற்பீர்கள்? புக்கிங் தொகை கொடுப்பதற்கு முன்னால் அந்த நாட்டு வக்கீல் ஒருவரிடம், விற்பவர் கைகாட்டும் ஆளிடம் அல்ல, நீங்களே தேடிப் பிடித்த ஒருவரிடம், பீஸ் கொடுத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு போன் செய்வதென்றாலும் அதற்கு முன்னால் செய்யுங்கள்.