சிறுவாடும் சிக்குக் கோலமும்



இந்த முறை நான் எழுதப் போவது எனக்கே கொஞ்சம் கூச்சமான விஷயம். எழுதலாமா, வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். நம்மில் ஒருத்திக்காவது உபயோகப்படட்டுமே என்றுதான் பேனாவை எடுத்துவிட்டேன்.

நம் எல்லோரிடமும் சிறுவாடு உண்டு, இல்லையா? கடுகு டப்பாவில் கொஞ்சம், அரிசிப் பானைக்குள் கொஞ்சம், புடவை மடிப்பில் கொஞ்சம். பெண் பிறந்த நாளிலிருந்து அவள் காலேஜ் படிப்புக்கென்று பதினோரு வருஷமாக நான் சேர்த்தது 60,000 ரூபாய். என்னவருக்குக்கூடக் கணக்குத் தெரியாது.

2022 மார்ச்சில் எங்கள் தெரு அக்கா ஒருத்தர் வந்தார். "நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய் தர்றாங்க. நானே வாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்? டப்பாவிலே தூங்கற பணம் குட்டி போடுமா?" என்றார். கொடுத்துவிட்டேன். ஏப்ரல், மே, ஜூன், மூன்று மாதமும் 6,000 ரூபாய் டாணென்று கைக்கு வந்தது. பெண்ணுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு விட்டேனா? என் சங்கிலியை அடகு வைத்து இன்னும் 40,000 கொண்டு போய்ப் போட்டேன். ஜூலையில் அலுவலகக் கதவில் பூட்டு தொங்கியது. பாவம், அந்த அக்காவின் பணமும் போச்சு.

அப்புறம் நான் பட்ட பாடு! ஆவணியில் ஒரு கல்யாணம். "சங்கிலி எங்கேம்மா?" என்று மாமியார் கேட்க, "கொக்கி அறுந்து போச்சு அத்தை, பத்தர்கிட்டே கொடுத்திருக்கேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். ராத்திரி தூக்கமில்லை. காலையில் எழுந்தால் கோலம் போடக் கை வராது. நாலு கோட்டை இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

மாமியார் கண்ணுக்கு எதுதான் தப்பும்? ஒரு நாள் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்: "சங்கிலியும் இல்லே, கோலமும் இல்லே. என்னம்மா நடக்குது உனக்கு?" அங்கேயே உட்கார்ந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "சிக்குக் கோலத்திலே கம்பி தப்பிட்டா மொத்தத்தையுமா அழிப்போம்? தப்பின புள்ளிக்குப் போய்த்தானே திருத்துவோம்? போ, முதல்லே அவன்கிட்டே சொல்லு" என்றார்.

சொன்னேன். என்னவர் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள், "பணம் போனதைவிட, என்கிட்டே சொல்லாததுதான் வலிக்குது" என்றார். பிறகு இருவருமாகப் போய்ப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம்.

அன்று ராத்திரி அவர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை காலம் ஆகும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடுமாம். வருஷத்துக்கு 7 சதவிகிதம் என்றால் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். மாதம் 10 சதவிகிதம் என்றால் ஏழே மாதம்! எந்த வியாபாரத்தில் அப்படி லாபம் வரும்? புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி என்று கொடுப்பதுதான் நடந்திருக்கிறது. அப்படியானால் எனக்கு வந்த 18,000? அது இன்னொரு பெண்ணின் சிறுவாடாக இருந்திருக்கும். அந்த சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

சங்கிலியை மீட்க மாதம் 3,000 வேண்டும். எங்கே போவது? சமையலறைக்குத்தான் போனேன். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். அதைப் பாதியாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் பரோட்டாவும், பேக்கரி பப்ஸும், பாக்கெட் சிப்ஸும் நின்றன. சாயங்காலம் சுண்டல் அல்லது வேர்க்கடலை. ராத்திரிக்கு வரகு அடை.

அந்த அடை இப்படித்தான்: வரகரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கால் டம்ளர் வீதம், உளுந்து இரண்டு ஸ்பூன். எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் ஊறவைத்து, மிளகாய் வற்றல், சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு கை முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் கலந்து வார்க்க வேண்டும். அடைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். சிறுதானியம்தானே என்று ஆறு அடை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். என்னவருக்கு இரண்டு அடையும் ஒரு கிண்ணம் காய்கறியும்தான். மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தவில்லை. அவருடைய சர்க்கரை அளவு இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

2023 டிசம்பரில் சங்கிலி கழுத்துக்கு வந்தது. கட்டிப் பழகிய பணத்தை விடலாமா? 2024 ஜனவரியில் தபால் ஆபீஸில் ஆர்.டி. ஆரம்பித்தேன். மாதம் 2,000 ரூபாய், ஐந்து வருஷம். அப்போது வட்டி 6.7 சதவிகிதம். சேரும்போது உள்ள வட்டிதான் கடைசிவரை. நான் கட்டுவது 1,20,000. கைக்கு வருவது 1,42,000-க்குக் கொஞ்சம் மேல். ஐந்து வருஷத்துக்கு 22,000-தானா என்று தோன்றும். ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறதே! பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதும் சமயத்தில் கைக்குக் கிடைக்கும். மீதி 1,000 அவசரத்துக்கென்று வங்கிச் சேமிப்புக் கணக்கில் சேர்கிறது.

கைக்குழந்தைக்காரிகளே, உங்கள் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் அவள் பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். சீட்டுப் போடுவதானால் பதிவு பெற்ற சீட்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எதில் போட்டாலும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

சங்கிலி வந்த அந்த மார்கழியில், விடியற்காலை பெண்ணையும் எழுப்பிக்கொண்டு வாசலுக்குப் போனேன். 15 புள்ளி, 8 முடிய ஊடுபுள்ளி. "மொத்தம் 169 புள்ளிம்மா!" என்று எண்ணிச் சொன்னாள். கம்பி இழுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் தப்பியது, திருத்தினோம். அரிசி மாவுக் கோலம்தான், சாயங்காலத்துக்குள் எறும்பு தின்றுவிடும். இருந்தாலும் அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது வாசல் மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே.