முதல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர்

சிறு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு எதற்கு என்னும் எண்ணம் நம் சமூகத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. வகுப்பு உயர உயர ஆசிரியரின் மதிப்பும் உயரும் எனக் கருதுவதன் விளைவே இது. மேல்வகுப்பு மாணவர், பாடம் விளங்கவில்லையெனில் நூலைப் புரட்டித் தெளிவு பெறுவார். முதல் வகுப்புக் குழந்தைக்கு அவ்வழி இல்லை; நூலைப் படிக்கும் திறனையே அது தன் ஆசிரியரிடமிருந்துதான் பெற வேண்டும்.

கடல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் எழுத்து ககரமே, ஒலியோ மூன்று. பழக்கத்தின் காரணமாகப் பெரியவர்கள் இதனைக் கவனிப்பதில்லை. எழுத்துக்குப் புதிய குழந்தை அங்கே திகைத்து நிற்கிறது. ‘வீட்டில்’ என்று அச்சிட்டிருப்பதை ஒரு குழந்தை ‘வீட்டுல’ என்று படித்தால் அதட்டித் திருத்துவது எளிது. ஆனால், அக்குழந்தை எழுத்துக்கூட்டிப் பொருளுணர்ந்து, தன் வீட்டு மொழியில் அதைச் சொல்லியிருக்கலாம். அல்லது படத்தைப் பார்த்து ஊகித்திருக்கலாம். இரண்டில் எது என்று அறிந்த பின்னரே ஆசிரியர் திருத்த இயலும்.

கணக்கிலும் இதே நிலைதான். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தையைக் கவனமற்றது எனக் கூறுவது முறையன்று. பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியை, ஒன்றாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் அது தவறாமல் பின்பற்றியிருக்கிறது. ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. இங்குச் சிவப்பு மைக் கோட்டால் பயனில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளுள் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் குழந்தைக்கு விளங்கும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள் என்பது இப்பணிக்குரிய வழி. அத்தாளில் 150 வினாக்கள். அனைத்தும் கொள்குறி வகையின. குழந்தை உளவியல் கோட்பாடுகளை ஒருவர் அறிந்திருக்கிறாரா என்பதை அத்தேர்வு காட்டும். தவறான விடைக்குப் பின்னுள்ள குழந்தையின் சிந்தனையைக் கண்டறியும் ஆற்றலை அளக்க அதற்கு வழியில்லை. அவ்வாற்றல் வகுப்பறையில்தான் வளரும். ஆகவே, பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி அங்குக் கழிவதே முறை.

எத்தகைய வகுப்பறை என்பதும் முக்கியம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அதாவது, ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு வகுப்புக்கென வண்ண அட்டைகளோடு ஆயத்தம் செய்த மாதிரிப் பாடம் அங்கே நெடுநேரம் தாங்காது. மூன்றாம் வகுப்பினர் தாமே செய்யத்தக்க ஒரு பணியில் ஈடுபட்டிருக்க, முதல் வகுப்பினரின் விரல்பிடித்து எழுதப் பழக்கும் கலையைப் பயிற்சி மாணவர் அத்தகைய பள்ளியிலேயே கற்க வேண்டும். அதுவும் ஜூன் மாதம், பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே அவரை அங்கு அனுப்புவது நன்று. தாயின் சேலை நுனியை விடாது அழும் குழந்தையையும், ஒரு சொல்லும் பேசாமல் சுவரோரம் அமர்ந்திருக்கும் குழந்தையையும் அவர் அப்போதுதான் காண இயலும்.