டாப் எவ்ளோன்னு கேக்காதீங்க, எங்க நிக்கும்னு கேளுங்க

மக்களே, ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல அடியேனுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் பைக். கவிதை வராது, அரசியல் பேசுனா வீட்ல திட்டு விழும். அதனால இன்னைக்கும் பைக் தான். புடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

ஸ்போர்ட்ஸ் பைக்கை திண்டுக்கல்ல எங்க நிறுத்துனாலும், டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ, முதல் கேள்வி ஒண்ணு தான். "அண்ணே, டாப் எவ்ளோ போகும்?" அடுத்து "மைலேஜ்?" அதுக்கப்புறம் "என்ன வெலை?" இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட "பிரேக் எப்படிண்ணே?"னு கேட்டதில்ல. பைக்குகளை நாம ஒப்பிடுற முறையே தலைகீழா இருக்கு, அதுக்கு விலை கொடுக்கிறது இருபது வயசுப் பசங்கங்கிறது என் கட்சி. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல டாப் ஸ்பீடு. வேகம் கூடக் கூட வண்டி சண்டை போடுறது காத்தோட தான். வேகம் ரெண்டு மடங்கு ஆகணும்னா, காத்தைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு பவர் வேணும். நம்ம அப்பா, சித்தப்பா காலத்து ஆர்எக்ஸ்100 இருக்கே, 98 சிசி, 11 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகம் பக்கம் போகும். 2021-ல வந்த ஹயபூசா 1340 சிசி, 190 குதிரைத்திறன், 300 பக்கம் போகும். பவர் 17 மடங்கு, வேகம் மூணே மடங்கு. அந்த மூணு மடங்கும் கூட ஃபேரிங் புண்ணியத்துல. ஆக, டாப் ஸ்பீடுக்காகக் கொட்டுற காசு பெரும்பாலும் காத்துல போற காசு.

சரி, அந்த வேகத்தை எங்க ஓட்டப் போறோம்? கரூர்ல இருந்து திண்டுக்கல் வழியா மதுரை போற என்எச் 44 நாலு வழிச் சாலை. நல்ல ரோடு தான். ஆனா அதுல ராங் சைடுல பால் கேன் கட்டுன மொபட் வரும், மீடியன் இடைவெளியில டிராக்டர் திரும்பும், வேடசந்தூர் பக்கம் ஆட்டு மந்தை நிதானமா கடக்கும். மத்திய அரசு 2018-ல போட்ட அறிவிக்கைப்படி நாலு வழிச் சாலையில பைக்குக்கு உச்ச வேகம் 80. இப்ப நம்ம கணக்கைப் பாருங்க.

நல்ல ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக், ஓட்டுறவனும் பதறாம பிடிக்கிறான்னு வச்சுக்குவோம். ஒரு விநாடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறையுது. கண்ணு பாத்து கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. 60-ல போனா மொத்தம் 36 மீட்டர்ல நிக்கும். 12 மீட்டர் பஸ் மூணை வரிசையா நிறுத்துன நீளம். 120-ல போனா? 72 இல்லீங்க, 112 மீட்டர்! ஒன்பது பஸ் நீளத்துக்கும் மேல. வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் பிடிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். ஒன்பது பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் ஆடு கடக்குமா இல்லையான்னு எந்த ரைடருக்கும் தெரியாது.

இதுல ஹயபூசாவா ஆர்15-ஆங்கிறது ரெண்டாம் பட்சம். ரெண்டு வண்டியும் ரோட்டைப் பிடிக்கிறது உள்ளங்கை அளவு ரெண்டு ரப்பர் துண்டுல தான்.

பவர் இருந்தும் பிரேக் இல்லாட்டி என்ன ஆகும்கிறதுக்கு நம்ம நாட்டுலயே சரித்திரம் இருக்கு. 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹா உரிமத்தோட ராஜ்தூத் 350 கொண்டு வந்தது. ஆர்.டி.350-னு சொன்னா பழைய ஆளுங்க கண்ணு இன்னைக்கும் மின்னும். ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 30 குதிரைத்திறன். அந்தக் காலத்துல அது ராக்கெட். ஆனா ஜப்பான்ல வித்த வண்டியில முன்னாடி டிஸ்க் பிரேக் இருந்தது, இங்க வந்தப்ப அதை எடுத்துட்டு டிரம் வச்சாங்க. அந்த வண்டிக்கு ஆர்.டி.ங்கிற எழுத்தை வச்சு 'ரேப்பிட் டெத்'னு ஒரு பட்டப்பேரே வந்துச்சு. அதோட சத்தத்தையும் இழுவையையும் இன்னைக்கும் புராணமா பேசுறோம். டிரம் பிரேக் கதையை மட்டும் யாரும் பேச மாட்டோம்.

அதுக்கப்புறம் காலம் மாறிடுச்சு. 2008-ல யமஹா ஆர்15 வந்து, 150 சிசியிலயும் நல்ல சேஸிஸ் தர முடியும்னு காட்டுச்சு. 2011-ல ஹோண்டா சிபிஆர் 250ஆர் ஏபிஎஸ்ஸோட வந்துச்சு, ஆனா கூடக் காசு கொடுத்தா தான் ஏபிஎஸ். அப்ப நம்மாளுங்க பல பேர் "அந்தக் காசுக்கு சைலன்சர் மாத்தலாம்டா"ன்னு ஏபிஎஸ் இல்லாததை எடுத்துட்டு வந்தாங்க. கடைசியில அரசாங்கமே சட்டம் போட வேண்டியதாச்சு: 125 சிசிக்கு மேல புது மாடல்களுக்கு ஏப்ரல் 2018-ல இருந்து, ஏற்கெனவே விக்கிற மாடல்களுக்கு ஏப்ரல் 2019-ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இந்தத் தேதியை மனசுல வச்சுக்கோங்க. இதுக்கு முந்தின வண்டின்னா ஏபிஎஸ் இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.

அடுத்தது, ஒப்பிடுறதுன்னா என்ன? 2023-ல வந்த கேடிஎம் 390 டியூக் 46 குதிரைத்திறன். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-க்கு 47. பேப்பர்ல பாத்தா அண்ணன் தம்பி. ஆனா டியூக்கோட முழு பவர் 8,500 ஆர்பிஎம்ல வருது, ஜிடிக்கு 7,250-லயே வந்துடுது. டார்க் டியூக்குக்கு 39 நியூட்டன் மீட்டர், ஜிடிக்கு 52. எடை டியூக் 168 கிலோ, ஜிடி 200 கிலோவுக்கு மேல. மதுரை ரோட்டுல எதிர்க்காத்துல லாரியைத் தாண்ட ஜிடிக்கு கியர் மாத்தவே வேணாம். அதே வண்டியை சிறுமலைக்கு ஏத்துங்க. 18 கொண்டை ஊசி வளைவு, வாழைத்தார் ஏத்துன ஜீப் எதிர்ல வரும், பஸ் வரும், குரங்கு வரும். அங்க எடை கம்மியான வண்டி தான் ராஜா. என் செகண்ட் ஹேண்ட் ஆர்15 வி3, 155 சிசி, 19.3 குதிரைத்திறன் தான். கூட வந்த நண்பனோட ஜிடி மூச்சு வாங்கித் திரும்புற வளைவுல இது சிட்டா திரும்புது. இறங்குனதும் ஹைவேயில அவன் என்னைக் கண் காணாம விட்டுட்டுப் போயிடுவான், அது வேற விஷயம் :-)

பூட்டு ஊர்க்காரன் பாஷையில சொல்லணும்னா, பூட்டுக்கு ஏத்த சாவி தான் திறக்கும். சாவி பெருசா இருக்கிறதால ஒண்ணும் ஆகப் போறதில்ல. எந்த ரோட்டுல அதிகம் ஓட்டுவோமோ அது தான் பூட்டு.

போன தடவை ஊருக்குப் போனப்ப எங்க தெரு அண்ணன் ஒருத்தர், ஸ்பின்னிங் மில்லுல ஷிஃப்ட் பாக்குறவர், வீட்டுக்கே வந்துட்டார். பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். "தம்பி, 390 தான் வேணும்ங்கிறான். வாங்கித் தரலேன்னா சாப்பிட மாட்டேங்கிறான். நீங்க பைக் பத்தி தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க"ன்னார். பையனும் கூடவே நின்னான். நான் வேணாம்னு சொல்லல. வேணாம்னா அவன் கேக்கவும் மாட்டான். நாலு கேள்வி மட்டும் கேட்டேன்.

ஒண்ணு: 350 சிசிக்கு மேல வரி எவ்ளோன்னு தெரியுமா? முன்னாடி 28-க்கும் 31-க்கும் மூணு சதவீதம் தான் வித்தியாசம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18, அதைத் தாண்டுனா 40. அப்பாச்சி ஆர்ஆர் 310, நிஞ்ஜா 300 எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். 390 அந்தப் பக்கம். அந்த 22 சதவீதமும் அப்பாவோட நைட் ஷிஃப்ட்.

ரெண்டு: பின் டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும், புதுசு என்ன விலை? பிரேக் பேட், செயின் ஸ்பிராக்கெட், இன்சூரன்ஸ்? ஷோரூம்ல ஆன் ரோடு விலை சொல்லுவாங்க. ஓடுற விலையை நாம தான் கேக்கணும்.

மூணு: வண்டி வழியில நின்னா பக்கத்துல யாரு பாப்பா? கம்ப்யூட்டரை மாட்டிப் பாக்க வேண்டிய வண்டிக்கு நம்ம தெருமுனை மெக்கானிக் அண்ணன் கை வைக்க மாட்டார்.

நாலு: ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸுக்கு பட்ஜெட்டுல இடம் இருக்கா? இல்லேன்னா அந்த பைக் இன்னும் உன் பட்ஜெட்டுக்குள்ள வரலைன்னு அர்த்தம்.

முதல் மூணுக்கும் பையன் ஏதோ சொன்னான். நாலாவதுக்கு வாயைத் திறக்கல. அண்ணன் தான், "கிளவுஸ் எல்லாம் வேணுமா தம்பி?"ன்னு கேட்டார். என்ன எடுத்தாங்கன்னு இன்னும் தெரியல, தீபாவளி போனஸ் வரட்டும்னு இருக்காங்களாம்.

"வேகமா ஓட்டவே கூடாதுங்கிறியா?"ன்னு நீங்க கேக்கலாம். அப்படி இல்லீங்க. வேகத்துக்குன்னு இடம் இருக்கு, அதுவும் நம்ம மாநிலத்துலயே. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடத்துன ஊர் இது. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் வந்துச்சு. நமக்குப் பக்கமா, பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியா 150 கிலோமீட்டர் சொச்சத்துல கோயம்புத்தூர். அங்க செட்டிபாளையத்துல கார் பந்தய வீரர் கரிவரதன் பேர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. டிராக்ல எதிர்ல வண்டி வராது, ஆடு வராது, ஆம்புலன்ஸ் மட்டும் தயாரா நிக்கும். 150 சிசி வண்டியை அங்க முழுசா முறுக்குற சுகம், 1000 சிசி வண்டியை பைபாஸ்ல பயந்து பயந்து கால்வாசி முறுக்குறதுல வராது.

இதை நான் விளையாட்டா எழுதல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல 17,884. நாட்டுல செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூ வீலர்ல போனவங்க. இதுல ஸ்போர்ட்ஸ் பைக் எத்தனைன்னு பிரிச்சுப் பாக்கிறதுல அர்த்தம் இல்ல, 100 சிசியும் கொல்லும். ஆனா வேகத்தை மட்டுமே வச்சு வண்டியைப் புகழுற பேச்சை ஆரம்பிச்சு வைக்கிறது நம்மள மாதிரி பைக் பைத்தியங்க தான். பசங்க நம்ம வாயைப் பாத்து தான் கத்துக்கிறாங்க.

அதனால அடுத்த தடவை யாராவது புது வண்டியோட வந்து நின்னா, சாவியை வாங்கி ஒரு ரவுண்டு போறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க. டயர் என்ன கம்பெனி, எப்ப மாத்துனதுன்னு கேளுங்க. நீங்க கேட்டா அவனும் அடுத்தவன்கிட்ட கேப்பான். அம்புட்டுதேன்.

டிஸ்கி: ஆர்.டி.350 ரசிகர்கள் கும்முறதா இருந்தா வரிசையா வாங்க. அந்த சத்தத்துக்கு நானும் அடிமை தான். டிரம் பிரேக்குக்கு மட்டும் இல்ல.