நம் குறி தாங்கிய பகை

ஆரையம்பதியிலிருந்து ஓர் அன்னையார் நம்மிடம் வினவியுள்ளார்: "என் மகளுக்குப் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்டார்கள். என் தாயார் வெற்றிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று வந்து மாண்டார். அதற்கும் ஓர் ஊசி உண்டா?"

மட்டக்களப்புப் பகுதியிலே பட்டிமாடுகளுக்குக் குறி சுடும் வழக்கத்தை நேயர்கள் அறிவார்கள். வேற்றுக் குறியுள்ள மாடு வந்தால் கண்டவுடன் துரத்திவிடலாம். நம் குறியையே தாங்கிய மாடு நம் வயலை மேய்ந்தால் காவற்காரன் என் செய்வான்? புற்றுக்கலம் அத்தகையது. அது நம் உடலிற் பிறந்த கலமே. ஆதலின் உடலின் காவற்படை பெரும்பாலும் அதனைத் தீண்டாது விடுகின்றது.

கருப்பைக் கழுத்துப் புற்று இதற்கு விலக்கு. அதனை விளைப்பது எச். பி. வி. என்னும் வைரசு. இதனைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாவுசன் 2008இல் நொபெல் பரிசு பெற்றார். அவ்வைரசின் வெற்றுப் புறக்கூட்டை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பதுதான் இலங்கையில் 2017 முதல் ஆறாந் தரச் சிறுமியருக்கு இடப்படும் ஊசி.

ஏனைய புற்றுக்களிலோ குறிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. அறிஞர் இவற்றை 'அன்டிஜென்' என்பர். 1991இல் பிரசல்சு நகரிலே தியெரி பூன் குழுவினர் தோற்புற்று ஒன்றில் 'மாகே' என்பதைக் கண்டனர். பின்னர் பட்டியல் நீண்டது. எதனை முதலில் ஊசியாக்குவது என்று தீர்மானிக்க, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஏற்பாட்டில் 2009இல் 75 குறிகளை வரிசைப்படுத்தினர். புற்றில் மட்டும் உள்ளதா, அதன் எல்லாக் கலங்களிலும் உள்ளதா, காவற்படையை எழுப்புமா என்றெல்லாம் நிறுத்துப் பார்த்தனர். முதலிடம் பெற்றது 'டபிள்யூ. ரி. 1'. ஆயினும் எல்லாத் தகுதியும் நிறைந்தது ஒன்றேனும் இல்லை! 'மாகே' இனத்துக் குறியொன்றை நம்பி நுரையீரற் புற்றுக்குச் செய்த ஊசியும் பயன்படாமையால் அச்சோதனை 2014இல் நிறுத்தப்பட்டது. ஏட்டிலே குறி இருப்பது வேறு, அதனால் நோயாளி பிழைப்பது வேறு.

வெற்றிலையால் வரும் வாய்ப்புற்றிலே பெரும்பாலும் வைரசு இல்லை. பாக்கும் புகையிலையும் கலத்தின் பரம்பரையலகுகளைச் சிதைக்கின்றன. அச்சிதைவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனிப் பட்டியலே வேண்டும்! அவரவர் கட்டியைப் படித்து அவரவர்க்கென ஊசி ஆக்கும் சோதனைகள் சில புற்றுக்களில் நடைபெறுகின்றன. எனவே அன்னையாருக்கு நமது விடை: அத்தகைய ஊசி இன்று இல்லை.

புகையிலை சேராத வெற்றிலையும் புற்றை விளைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. வாய்ப்புற்றுக்குக் கண்ணாற் காணத்தக்க முன்குறிகளும் உண்டு: துடைத்தாலும் போகாத வெண்திட்டு, செந்திட்டு, இரு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க இடர். அன்னையார் தாமும் தட்டத்தை அருகில் வைத்திருப்பவராயின், இன்றே கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்ப்பாராக. ஐயம் தோன்றின் பல் வைத்தியரிடம் காட்டுவாராக.