‘வளர வளர சரியாகிடும்’ என்று காத்திருக்கலாமா?

கதை கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்லும் குழந்தை, அதே கதையைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால் திணறுகிறது. ‘படம்’ என்பதைப் ‘பாடம்’ என்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பள்ளியில் ‘கவனம் இல்லை’ என்கிறார்கள். வீட்டில் பாட்டியோ, “அவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான். வளர வளர சரியாகிடும்” என்கிறார்.

பாட்டி சொல்வதில் பாதி சரி. வாசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் கடினமாக்கும் ‘டிஸ்லெக்சியா’ குடும்ப வழியில் வர வாய்ப்பு உண்டு. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால், தானாகச் சரியாகிவிடும் என்பதுதான் தவறு.

பத்தாம் வகுப்பில் விழிப்பதா?

பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் பல பெற்றோர் சலுகைகளைத் தேடி அலைகிறார்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எனத் தமிழகத்தில் சலுகைகள் உண்டு. அவை தேர்வறையில் உதவும். அதுவரை இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது அரசுப் பள்ளிகள், அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளிகளின் கடமை.

என்ன செய்யலாம்?

* முதலில் கண், காது பரிசோதனை. பார்வையோ கேட்கும் திறனோ குறைந்தாலும் படிப்பில் பின்தங்கலாம்.

* எதில் திணறல், எதில் திறமை என்று சில வாரங்கள் குறித்து வைத்து, வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

* அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் மூலம் அணுகலாம்.

* மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் வளர்ச்சித் தாமதங்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டாம்

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். உதவியை அதற்கு முன்பே தொடங்கலாம். முன் வரிசையில் இடம், பெரிய எழுத்தில் பாடம், சொல்லை ஒலிகளாகப் பிரித்துப் பயிற்சி, சில கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில்... இவற்றுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

‘மக்கு’ என்ற சொல்லைத் தினமும் கேட்கும் குழந்தை, ஒருநாள் அதை நம்பத் தொடங்கிவிடும். அந்த நம்பிக்கையை மாற்றுவது, எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.