முதியோர் கடக்கும் சாலை

ஒரு நகரத்தின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் மாளிகைகளையும் பாலங்களையும் எண்ணிக் காட்டுவர். ஆனால் கைத்தடி ஊன்றிய மூதாட்டி ஒருவர் தம் வீட்டினின்று புறப்பட்டு, அங்காடிக்குச் சென்று, கறிகாய் வாங்கிக்கொண்டு, பிறர் துணையின்றித் திரும்ப இயலுமா என்று கேட்போர் மிகச் சிலரே. நகரத்தை அளப்பதற்கு அதனினும் நல்ல அளவுகோல் வேறில்லை.

சாலையைக் கடக்கும் இடத்தையே நோக்குக. பச்சை விளக்கு எத்துணை நேரம் எரிய வேண்டும் என்று வகுக்கும் பொறியாளர், மக்கள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் என்று கொள்வது பல நாடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இங்கிலாந்து மக்களைப் பற்றி 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, 65 வயதை எட்டிய பெண்டிரின் சராசரி நடை நொடிக்கு 0.8 மீட்டரே என்று காட்டிற்று. 12 மீட்டர் அகலமுள்ள சாலைக்குப் பொறியாளர் கணக்குப்படி 10 நொடி போதும். மூதாட்டிக்கு 15 நொடி வேண்டும். பத்தாம் நொடியில் அவர் எங்கே நிற்பார்? இன்னும் 4 மீட்டர் எஞ்சியிருக்க, உறுமும் வண்டிகளின் முன்னே நிற்பார். குற்றம் அவருடைய கால்களில் இல்லை, கணக்கிலே உள்ளது.

தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் இக்கணக்கைத் திருத்த முற்பட்டது. 2009 ஆம் ஆண்டில் அங்கு ஒரு புதிய ஏற்பாடு தொடங்கிற்று. முதியோர் தம் சலுகைப் பயண அட்டையைச் சைகை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 நொடி முதல் 13 நொடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். எவரையும் இரந்து நிற்க வேண்டுவதில்லை. இதனால் வண்டிகள் தாமதமாகுமே என்பார் உளர். தாமதமாகும்தான், வண்டியில் அமர்ந்திருப்பவர் இரண்டு கொட்டாவி விடும் நேரம் கழியும். அதற்கு ஈடாக ஒருவர் அஞ்சாமல் வீடு திரும்புவார் எனின், அது மலிவான விலையன்றோ?

வீட்டுக்குள்ளும் இத்தகைய தடைகள் இருந்தன. அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 இல் தோன்றியது. அக்கழகம் தொடக்கக் காலத்தில் எழுப்பிய அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நில்லாது. ஏதோ ஒரு மாடியில் இறங்கி, எஞ்சிய படிகளைக் கால்களாலேயே ஏறவோ இறங்கவோ வேண்டும். இளமையில் அவ்வீடுகளில் குடிபுகுந்தோர்க்கு அப்படிகள் பொருட்டாகவே தோன்றவில்லை. ஆண்டுகள் சென்றன. படிகள் அப்படியே இருந்தன. முழங்கால்கள் அப்படியே இருக்கவில்லை. தம் வீட்டிலேயே சிறைப்பட்டாற்போல் ஆயினர் பலர். ஆகவே 2001 முதல் மாடிதோறும் மின்தூக்கி நிற்குமாறு பழைய கட்டடங்கள் திருத்தப்பட்டன. சில கட்டடங்களுக்குப் புதிய தூண்களையே எழுப்ப வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஒரு கோடாக முடிந்திருக்க வேண்டிய வேலை, பின்னர்ப் பெருஞ்செலவாயிற்று. இன்று புதிதாக வளரும் நகரங்கள் இதனைக் கருத்திற் கொள்ளாமை வியப்பே.

முதியோர்க்கென ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இல்லம் அமைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதுவோரும் உண்டு. அமைதி நன்று. ஆயினும், வாழ்நாள் முழுதும் தெருவின் ஓசையிடையே வாழ்ந்தவர்க்கு ஓசையற்ற இடம் தண்டனையாகவும் அமையும். சிங்கப்பூரில் 2018 இல் முறையாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி என்னும் கட்டடத்தொகுதி இதற்கு மாறான வழியைக் கைக்கொண்டது. முதியோர்க்குரிய 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைகள் காப்பகம் ஆகிய யாவும் அங்கு ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. மருத்துவ நிலையத்தைப் பலரும் புகழ்வர். அதனினும் மேலானது காப்பகமே. மின்தூக்கியில் இறங்கி வரும் பாட்டனார், மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்குழந்தைகள் எழுப்பும் கூச்சலைக் கேட்டபடி உணவங்காடியில் அமரலாம்.