கறுப்புக் காருக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்!

நீலகிரி மலையில் அவலாஞ்சி என்று ஓர் இடம் இருக்கிறது. ஊட்டியில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரம். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, அங்கே ஒரே நாளில் 82 சென்டி மீட்டர் மழை கொட்டியது. கோவை நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம்!

அப்படிப்பட்ட ஊரில் போய், "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள்" என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கட்டும். அதே 2019-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை மக்கள் குடமும் கையுமாகத் தெருவில் நின்றார்கள். ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து அவலாஞ்சியில் வெள்ளம்! ஒரே மாநிலம்தான், ஒரே ஆண்டுதான்.

ஓடையில் நின்ற கார்

அவலாஞ்சிக்குப் போகும் வழியில் நாம் கண்ட காட்சி இது. சாலை ஓரத்தில் ஓர் ஓடை. அதில் முன் சக்கரங்கள் இரண்டும் நனைய ஒரு கறுப்புக் கார் நின்றது. டிரைவர் முழங்கால் வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு, துணி துவைக்கும் சோப்புத் தூளைக் கரைத்துக் காரைத் தேய்த்துக் கொண்டிருந்தார். ஓடையில் நுரை நுரையாகப் போயிற்று.

"ஏன் அண்ணே, ஓடையில் விட்டுக் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"என்ன சார் செய்வது? வண்டி கறுப்பு. தூசி இருந்தால் முதலாளி திட்டுவார். துணியால் துடைத்தால் கோடு விழுகிறது. போன மாதம் கோடு விழுந்ததற்குச் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் பிடித்துவிட்டார். தண்ணீர் நிறைய ஊற்றினால்தான் கோடு விழாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அவரைக் கோபித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த நுரை எங்கே போகிறது? இந்த மலை ஓடைகள் அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து குந்தா மின்சார நிலையங்களுக்குப் போகிறது தண்ணீர். மின்சாரம் எடுத்த பிறகு பில்லூர் அணைக்கு இறங்குகிறது. பில்லூர்த் தண்ணீரைத்தான் கோவை மக்கள் குடிக்கிறார்கள்!

இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் வெளிநாட்டில் இருந்து டிரவுட் என்ற மீனைக் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் வைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மீன் பிழைக்காது. சோப்புத் தூள் மீனின் செவுளைக் கெடுக்கும். அந்த மீனுக்கு மட்டும் அல்ல, எந்த மீனுக்கும்தான்.

கறுப்பில் மட்டும் ஏன்?

வெள்ளைக் காரில் கோடு விழுவது இல்லையா? விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துக் கார்களில் வர்ணத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு பூசுகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு தலைமுடியின் கனம் கூட இருக்காது. சாலைத் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. மணல் கண்ணாடியையே கீறும். தூசியோடு துணியைப் போட்டுத் தேய்த்தால் அந்த மணல் பூச்சைக் கீறிவிடுகிறது. கீறிய இடத்தில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. வெள்ளையில் அது வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். கறுப்பிலோ சிலந்தி வலை போலப் பளிச்சென்று தெரியும்!

ஆகவே, கோடு போடுவது துணி அல்ல. துணிக்கு அடியில் மாட்டிக்கொண்ட மணல். அந்த மணலைத் தேய்க்காமல் எடுக்க வேண்டும். அதற்கு நிறையத் தண்ணீர் ஒரு வழி. நிறையத் துணி இன்னொரு வழி.

எப்படிச் செய்வது?

குழாயில் ரப்பர் டியூபை மாட்டினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் சாதாரணமாகப் போகும். பத்து நிமிடத்தில் நூறு லிட்டர். இந்த முறையில் பத்துப் பன்னிரண்டு லிட்டரோடு வேலை முடிந்துவிடும்.

மைக்ரோபைபர் துணி என்று கடையில் விற்கிறார்கள். பட்டு நூலைவிட மெல்லிய இழைகளால் ஆனது. மணலைத் தன் இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். அதில் ஏழெட்டு வேண்டும். பழைய பனியன், பொத்தான் வைத்த சட்டை, தையல் தடித்த துணி, இவை எதுவும் வேண்டாம். தண்ணீரில் கலக்க, கழுவிவிடத் தேவை இல்லாத கார் சோப்பு என்றே தனியாகக் கிடைக்கிறது. சாதாரண ஷாம்புவை வாங்கினால் மீண்டும் தண்ணீர் ஊற்றி அலச வேண்டி வரும், சிக்கனம் போயிற்று! பாத்திரம் தேய்க்கும் சோப்பும், துணிச் சோப்பும் கூடவே கூடாது. மெழுகுப் பூச்சை அவை எடுத்துவிடும்.

முதலில் காரை நிழலில் நிறுத்துங்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சும். சூடான தகட்டில் தண்ணீர் உடனே காய்ந்து வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும்.

வாளியில் மருந்தைக் கலக்குங்கள். அளவு டப்பாவில் போட்டிருக்கும். அதே தண்ணீரைக் கொஞ்சம், பூச்செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பில் ஊற்றிக் கார் மேல் பனி போலத் தெளியுங்கள். (தேயிலைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பம்பை எடுத்துவிடாதீர்கள்!) ஐந்து நிமிடம் ஊறட்டும். காய்ந்துவிடும் போல இருந்தால் மறுபடி தெளியுங்கள். ஊறுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

துணிகளை எல்லாம் வாளியில் நனையப் போடுங்கள். ஒன்றை எடுத்து நான்காக மடியுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தால் ஒரு தடவை, நேர்க்கோட்டில், கை அழுத்தாமல் இழுங்கள். வட்டமாகச் சுற்றவே கூடாது. அழுக்கானதும் அடுத்த பக்கம். எட்டுப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணியை ஓரமாக வையுங்கள். மறுபடி வாளியில் போட்டால் வாளி முழுவதும் மணல்! கை தவறித் தரையில் விழுந்த துணியையும் அன்று தொடாதீர்கள்.

கூரை, கண்ணாடி, முன்மூடி, கதவின் மேல்பாதி என்று மேலிருந்து கீழே வாருங்கள். கீழ்ப்பகுதியில்தான் மணல் அதிகம். அது கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. ஒவ்வொரு பகுதியையும் துடைத்தவுடனே தடித்த காய்ந்த துணியை மேலே விரித்து ஒற்றி எடுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் மலைச் சேறு கட்டி கட்டியாக அப்பியிருந்தால் இந்த முறை உதவாது. சேற்றைத் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். அதற்கும் மழைத் தண்ணீர் இருக்கிறது. 10 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரு சென்டி மீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். கூரைக்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்தால் போதும்.

காலைப் பனி

மலையில் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் கார் மேல் படிந்த பனி நீரைக் கண்டால், "தண்ணீர் செலவு மிச்சம்" என்று தோள் துண்டால் துடைப்பார்கள். முதல் நாள் தூசி அதற்கு அடியில் அப்படியே இருக்கிறது! பாதிக் கோடுகள் இப்படித்தான் விழுகின்றன. உறைபனி பிடித்த நாளில் அட்டையால் சுரண்டுவதும், கொதிநீரை ஊற்றுவதும் இன்னும் மோசம். கண்ணாடியே விரிசல் விடும். வெயில் வரும்வரை பொறுங்கள்; அல்லது என்ஜினை ஓடவிட்டு உள்ளே இருந்து சூடு காட்டுங்கள்.

முதலாளிகளுக்கு

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தில் 2018-ல் குடிநீரில் கார் கழுவுவதற்கே தடை இருந்தது. நம் ஊரிலும் அப்படி ஒரு உத்தரவு வந்தால் அபராதம் கட்டப்போவது யார்? டிரைவர்தானே!

எட்டுத் துணியும் ஒரு டப்பா சோப்பும் வாங்கிக் கொடுக்காமல், கோடு விழுந்ததற்குச் சம்பளத்தைப் பிடிப்பது நியாயம் அல்ல. வேலையை மட்டும் கேட்டு, கருவியைக் கொடுக்காதவர் மேல்தான் குற்றம். ஊட்டி, குன்னூர் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பயணிகளுக்கு வெந்நீர் கொடுக்கிறீர்கள். அவர்களை ஏற்றி வந்த டிரைவருக்கு ஒரு வாளியும், கூரை போட்ட ஓர் இடமும் கொடுங்கள். அவர் ஓடைக்குப் போக மாட்டார்.

நாம் இதை எல்லாம் சொல்லி முடித்ததும் அந்த டிரைவர் ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி சார், கடைசியில் வாளியில் மிஞ்சும் அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?"

நல்ல கேள்வி. ஓடையில் வேண்டாம், சாலை ஓரச் சாக்கடையிலும் வேண்டாம், அது ஓடைக்குத்தான் போகும். ஓடைக் கரையில் இருந்து எட்டி, செடி கொடி இல்லாத மண் தரையில் ஊற்றுங்கள். அரை வாளிதானே, மண் குடித்துவிடும்.